மூணு டேபிள், ஒரே க்வெரி: டையிங் போன துணி எங்கே?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இதுவரைக்கும் ஒரே டேபிள்ல இருந்து டேட்டா எடுக்கறது எப்படின்னு பாத்துட்டு வந்தோம். செலக்ட், வேர், குரூப் பை எல்லாம் ஓரளவு கைக்கு வந்திருக்கும். இன்னிக்கு அடுத்த படி: பல டேபிள்ல இருக்கற விவரத்தை ஒரே எஸ்க்யூஎல் ஸ்டேட்மெண்ட்ல கேட்டு வாங்கறது. அதாவது ஜாயின்.

ஜாயின்னாலே ஸ்டூடண்ட் டேபிள், மார்க் டேபிள்னு ஒரு உதாரணம் சொல்லுவாங்க. ஒரு ஸ்டூடண்ட், ஒரு மார்க், அழகா ஒட்டிக்கும். புரிஞ்ச மாதிரி இருக்கும். ஆனா வேலைக்குப் போனதும் ரிப்போர்ட் தப்பா வரும், ஏன்னு தெரியாது. ஜாயின் எங்க ஏமாத்தும்ங்கறதை அந்த உதாரணம் காட்டவே காட்டாது.

அதனால இன்னிக்கு ராயபுரம் போறோம். சென்னைக்காரங்க துறைமுகம், 1856ல திறந்த பழைய ரயில்வே ஸ்டேஷன்னு நினைச்சுடாதீங்க. இது திருப்பூர் ராயபுரம். பனியன் கம்பெனிகள் நிறைஞ்ச ஏரியா.

ஒரு டி-ஷர்ட், எட்டு கை

திருப்பூர்ல ஒரு டி-ஷர்ட் எப்படி உருவாகுதுன்னு பாருங்க. நூல் வாங்கணும். நிட்டிங் போகணும். அப்புறம் டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரிய கம்பெனிகள் சிலது இதையெல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள வச்சிருப்பாங்க. நடுத்தரக் கம்பெனி, சின்னக் கம்பெனின்னா பாதி வேலை வெளியிலதான் நடக்கும். நிட்டிங் ஒரு இடம், டையிங் இன்னொரு இடம். இதுக்குப் பேர்தான் ஜாப் ஒர்க்.

துணி கம்பெனியை விட்டு வெளியே போகணும்னா டெலிவரி சலான் போடணும். எல்லாரும் டிசின்னு சொல்லுவாங்க. திரும்பி வரும்போது டையிங்காரங்களோட டிசியில வரும். அதை இங்க வரவு வைக்கணும்.

அப்போ கம்பெனி கம்ப்யூட்டர்ல மூணு டேபிள் இருக்குன்னு வச்சுக்குவோம். முதல் டேபிள் பேரு லாட். லாட் நம்பர், கலர், எந்த டையிங்குன்னு இருக்கும். ரெண்டாவது, அனுப்பு. டிசி நம்பர், லாட் நம்பர், தேதி, எத்தனை கிலோ போச்சு. மூணாவது, வரவு. அதுலயும் டிசி நம்பர், லாட் நம்பர், தேதி, எத்தனை கிலோ வந்துச்சு.

எதுக்கு மூணா பிரிக்கணும், ஒரே பெரிய எக்ஸெல் ஷீட்ல போட்டா என்னன்னு கேக்கலாம். ஒரு லாட்டுக்கு அஞ்சு டிசி இருந்தா, கலர் பேரையும் டையிங் பேரையும் அஞ்சு தடவை எழுதணும். ஒரு இடத்துல நேவின்னும் இன்னொரு இடத்துல நேவி ப்ளூன்னும் விழுந்துச்சுன்னா கணக்கு ரெண்டாப் பிரிஞ்சுடும். ஒரு விஷயத்தை ஒரே இடத்துல எழுது, மத்த இடத்துல அதோட நம்பரை மட்டும் வை. இந்தச் சிந்தனையை 1970ல ஐபிஎம்ல இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரையில முன்வச்சார். ரிலேஷனல் டேட்டாபேஸ்ங்கற துறையே அதுலதான் தொடங்குது. அங்கயே வேலை பாத்த டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974ல அதுக்கு ஒரு கேள்வி மொழி கொடுத்தாங்க. பேரு சீக்வெல். அந்தப் பேர்ல வேறொரு நிறுவனத்துக்கு டிரேட்மார்க் இருந்ததால எஸ்க்யூஎல்னு சுருங்குச்சு.

பிரிச்சு வச்சதைத் தேவைப்படும்போது சேத்துப் பாக்கணும் இல்லையா, அதுக்குத்தான் ஜாயின்.

முதலாளி கேக்கற கேள்வி

கேள்வி ரொம்ப சிம்பிள். “டையிங்குக்கு எத்தனை கிலோ போச்சு, எத்தனை கிலோ வந்துச்சு, மிச்சம் எங்க?”

இந்தக் கேள்விக்குப் பின்னாடி பணம் இருக்கு. சாயம் போடறதுக்கு முன்னாடி துணியில இருக்கற எண்ணெய், மெழுகு, அழுக்கையெல்லாம் கழுவி எடுப்பாங்க. அதனால எடை குறையும். அதுதான் பிராசஸ் லாஸ். எவ்வளவு சதவீதம் வரைக்கும் ஏத்துக்கலாம்னு ரெண்டு பக்கமும் முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க. அதுக்கு மேல குறைஞ்சா டையிங்காரருக்கு டெபிட் நோட் போகும். அதாவது அவர் பில்லுல பிடிப்பாங்க. ரிப்போர்ட்ல ஒரு நம்பர் தப்புன்னா, செய்யாத தப்புக்கு ஒருத்தர் காசு கட்டணும். இல்லைன்னா நிஜமாவே காணாமப்போன துணியை யாரும் கேக்க மாட்டாங்க.

பேனா எடுத்துக்குங்க. மூணே மூணு லாட், மனசுல வச்சுக்கற அளவுதான்.

லாட் 101: ஒரே டிசியில 300 கிலோ போச்சு. ரெண்டு தடவையா வந்துச்சு, 140 கிலோ, 139 கிலோ. மொத்தம் 279.

லாட் 102: ரெண்டு டிசியில போச்சு, 150 கிலோ, 150 கிலோ. ஒரே தடவையா 279 கிலோ வந்துச்சு.

லாட் 103: ஒரே டிசியில 400 கிலோ போச்சு. இன்னும் ஒரு கிலோகூட வரல.

கையாலயே கணக்குப் போட்டுக்குவோம். மொத்தம் போனது 1000 கிலோ. வந்தது 558. 101லயும் 102லயும் தலா 21 கிலோ குறைவு, ஆக 42. 300க்கு 21ன்னா 7 சதவீதம். 103ல 400 கிலோ டையிங்லயே கிடக்கு.

எல்லாரும் எழுதற முதல் க்வெரி

வாயால படிச்சா இப்படி இருக்கும்:

செலக்ட், சம் அனுப்பு கிலோ, சம் வரவு கிலோ
ஃப்ரம் லாட்
ஜாயின் அனுப்பு, ஆன் அனுப்போட லாட் நம்பர் சமம் லாட்டோட நம்பர்
ஜாயின் வரவு, ஆன் வரவோட லாட் நம்பர் சமம் லாட்டோட நம்பர்

ஆன்னுக்கு அப்புறம் வர்றதுதான் பொருத்தம் பாக்கற இடம். அதை விட்டுட்டு டேபிள் பேரை கமா போட்டு எழுதி, வேர்லயும் பொருத்தம் சொல்ல மறந்தா, ஒவ்வொரு வரியும் மத்த டேபிளோட ஒவ்வொரு வரியோடயும் ஜோடி சேரும். 50 லாட், 200 டிசின்னா 10,000 வரி வந்து நிக்கும். அது பரவாயில்ல, பாத்ததுமே தப்புன்னு தெரிஞ்சுடும். நம்ம க்வெரி அப்படி இல்ல. எர்ரர் வராது, வேகமா ஓடும், அழகா ஒரு பதில் தரும்.

போனது 900 கிலோ, வந்தது 837 கிலோ, குறைவு 63. சதவீதம் போட்டுப் பாருங்க. 7.

ரிப்போர்ட்டும் 7ன்னு சொல்லுது, நிஜமும் 7தான். பாக்கறவங்க “சரியாத்தான் இருக்கு”ன்னு கையெழுத்துப் போட்டுருவாங்க. ஆனா போனது 900 இல்ல, 1000. வந்தது 837 இல்ல, 558. அதைவிடப் பெரிசு, டையிங்ல கிடக்கற 400 கிலோ இந்த ரிப்போர்ட்டுலயே இல்ல.

இங்க ரெண்டு தப்பு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. தனித்தனியாப் பாப்போம்.

வராதது காணாமப் போகும்

வெறும் ஜாயின்னு எழுதினா அது இன்னர் ஜாயின். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தான் வரி வரும். லாட் 103க்கு வரவு டேபிள்ல ஒரு வரிகூட இல்ல. அதனால அந்த லாட்டே பதில்ல இருந்து விழுந்துடுச்சு. நம்ம கேட்டது “மிச்சம் எங்க?”ன்னு. எதைத் தேடினோமோ அதையே க்வெரி மறைச்சுருச்சு.

அதுக்குத்தான் லெஃப்ட் ஜாயின். இடது பக்கம் இருக்கற டேபிளோட எல்லா வரியும் வரும். வலது பக்கம் ஜோடி இல்லைன்னா அந்த இடத்துல நல் விழும். நல்லுன்னா பூஜ்யம் இல்ல, “தகவல் இல்ல”ன்னு அர்த்தம். அதனால 400ல இருந்து நல்லைக் கழிச்சா 400 வராது, நல்தான் வரும். கோலஸ் ஃபங்ஷன் போட்டு நல் இருக்கற இடத்துல பூஜ்யம் வச்சுக்கணும்.

லெஃப்ட் ஜாயின் எழுதினவங்களும் மாட்டற இடம் ஒண்ணு இருக்கு. “இந்த மாசம் வந்த வரவு மட்டும் வேணும்”னு கடைசியில வேர் போட்டு, வரவு தேதியைச் சோதிப்பாங்க. லாட் 103க்கு வரவு தேதி நல். நல் எந்தத் தேதிச் சோதனையிலயும் தேறாது. லெஃப்ட் ஜாயின் கஷ்டப்பட்டுக் காப்பாத்துன வரியை வேர் திரும்ப வெட்டிப் போட்டுடும். வலது பக்க டேபிளுக்கான நிபந்தனையை ஆன்னுக்குள்ள எழுதுங்க. அப்போ வரி நிக்கும்.

இது ஏதோ ப்ரோகிராமர் விளையாட்டுன்னு நினைக்காதீங்க. ஜிஎஸ்டி சட்டத்துல, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பின சரக்கு பொதுவா ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வந்தாகணும், இல்லைன்னா அங்கிருந்தே வித்திருக்கணும். ரெண்டும் நடக்கலைன்னா, அனுப்பின நாள்லயே அதை வித்துட்டதா எடுத்துக்கிட்டு வரி கேக்கலாம். இந்தப் போக்குவரத்தைச் சொல்றதுக்குன்னே ஐடிசி-04னு ஒரு படிவம் இருக்கு. 2021 அக்டோபர்ல இருந்து, வருஷ டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல இருக்கறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, மத்தவங்க வருஷத்துக்கு ஒரு தடவை. என்ன போச்சு, என்ன வந்துச்சு? அந்தப் படிவம் கேக்கறதும் இதே கணக்குதான். இன்னர் ஜாயின் போட்டு அதை நிரப்பினா, வராத சரக்கு யார் கண்ணுக்கும் படாம ஒரு வருஷத்தைத் தாண்டிடும்.

இருக்கறது ரெட்டிப்பாகும்

ரெண்டாவது தப்பு இன்னும் நைசா வரும். லாட் 101க்கு அனுப்புல 1 வரி, வரவுல 2 வரி. ஜாயின் பண்ணா 1 பெருக்கல் 2, ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியிலயும் அனுப்பின 300 கிலோ இருக்கும். கூட்டினா 600. லாட் 102ல அப்படியே தலைகீழ். வந்த 279 ரெண்டு தடவை விழுந்து 558 ஆகும்.

லாட் வாரியா ரிப்போர்ட் எடுத்தா 101ல 321 கிலோ காணோம்னு வரும். டையிங்காரர் மேல பழி. 102ல அனுப்பினதை விட 258 கிலோ கூட வந்திருக்குன்னு வரும். மொத்தமாக் கூட்டினா ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டி, நம்பற மாதிரி ஒரு சதவீதத்துல வந்து நின்னுடும். நம்ம உதாரணத்துல அதுதான் நடந்துச்சு. மொத்தத்தை மட்டும் பாத்து கையெழுத்துப் போடற இடத்துல இந்தத் தப்பு மாசக்கணக்கா உயிரோட இருக்கும்.

லெஃப்ட் ஜாயின் போட்டா இது சரியாகுமா? ஆகாது. 103 திரும்ப வரும். 101ம் 102ம் அப்படியேதான் பெருகி நிக்கும்.

அப்போ டிஸ்டிங்க்ட் போடலாமான்னு தோணும். ரெண்டு தடவை வர்றதை ஒண்ணாக்கிடலாம்னு சம் டிஸ்டிங்க்ட் எழுதுவாங்க. 101 சரியாயிடும், சந்தோஷப்படுவோம். 102ஐப் பாருங்க. 150, 150னு நிஜமாவே ரெண்டு டிசி. டிஸ்டிங்க்ட்டுக்கு ரெண்டும் ஒரே நம்பர்தான். ஒண்ணைத் தூக்கிடும். அனுப்பினது 150, வந்தது 279னு ஆயிடும். டிஸ்டிங்க்ட் பெருக்கலைச் சரி பண்ணாது. ஒரே மாதிரி இருக்கறதை எல்லாம் அழிக்கும், அவ்வளவுதான்.

ஒரு வரின்னா என்ன?

ஜாயின் எழுதறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டேபிளையும் பாத்து ஒரு கேள்வி கேளுங்க. இங்க ஒரு வரின்னா என்ன? லாட் டேபிள்ல ஒரு வரின்னா ஒரு லாட். அனுப்பு டேபிள்ல ஒரு வரின்னா வெளியே போன ஒரு டிசி. வரவு டேபிள்ல உள்ள வந்த ஒரு டிசி. மூணும் வேற வேற. அனுப்பு டிசிக்கும் வரவு டிசிக்கும் நேரடி உறவே இல்ல. 140 கிலோ வந்தது எந்த டிசியில போன துணின்னு யாரும் எழுதி வைக்கல. லாட் வழியாத்தான் ரெண்டும் சொந்தம். சொந்தமே இல்லாத ரெண்டு வரியைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சதுதான் இத்தனைக்கும் காரணம்.

தீர்வு இதுலயே இருக்கு. முதல்ல மூணையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க. அனுப்பு டேபிளை லாட் நம்பர் வச்சு குரூப் பை பண்ணிக் கூட்டுங்க. இப்போ லாட்டுக்கு ஒரே வரி. வரவையும் தனியா அதே மாதிரி கூட்டுங்க. அப்புறம் லாட் டேபிளை இடது பக்கம் வச்சு ரெண்டையும் லெஃப்ட் ஜாயின் பண்ணுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு, பெருக வழியே இல்ல.

இதுக்குன்னு ரெண்டு மூணு க்வெரி தனித்தனியா ஓட்டணும்னு இல்ல. ஒரே ஸ்டேட்மெண்ட்தான். வித்னு ஆரம்பிச்சு, “அனுப்பு மொத்தம்”னு ஒரு தற்காலிக டேபிளுக்குப் பேர் வச்சு, அடைப்புக்குள்ள கூட்டல் க்வெரி. கமா போட்டு “வரவு மொத்தம்”. அதுக்குக் கீழ மெயின் செலக்ட். படிக்கறவங்களுக்கும் நீங்க என்ன நினைச்சீங்கன்னு தெரியும்.

பதில் என்ன வரும்? 101, போனது 300, வந்தது 279, குறைவு 21. 102, அதே. 103, போனது 400, வந்தது 0, மிச்சம் 400. கையால போட்ட கணக்கு அப்படியே வருது.

பக்கத்துல வைக்காம கீழ வைக்கலாம்

இன்னொரு வழியும் இருக்கு, இந்தக் கேள்விக்கு எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். ஜாயின்ங்கறது டேபிளைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டறது. யூனியன் ஆல் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கறது. பழைய பேரேட்டுல பற்று, வரவுன்னு ரெண்டு கட்டம் போட்டு வரிசையா எழுதுவாங்களே, அதேதான்.

அனுப்பு டேபிள்ல இருந்து லாட் நம்பர், கிலோ, பூஜ்யம். யூனியன் ஆல். வரவு டேபிள்ல இருந்து லாட் நம்பர், பூஜ்யம், கிலோ. இதை மொத்தமா லாட் வாரியா கூட்டிட்டா முடிஞ்சுது. ஜோடி சேக்கற வேலையே இல்ல, அதனால பெருகாது. வராத லாட்டும் விழாது. இன்னொரு லாபமும் இருக்கு. லாட் நம்பரை யாராவது தப்பா டைப் பண்ணி, அனுப்பாத லாட்டுக்கு வரவு வச்சிருந்தா, அதுவும் “போனது பூஜ்யம், வந்தது 90”னு வெளிய வந்து நிக்கும். லாட் டேபிள்லயே இல்லாத நம்பர்னா லெஃப்ட் ஜாயின்ல அது தெரியாது.

ஜாயின்லயே ரெண்டு பக்கமும் காப்பாத்தணும்னா ஃபுல் அவுட்டர் ஜாயின் வேணும். மைஎஸ்க்யூஎல்ல அது இல்ல. எஸ்க்யூலைட்ல 2022லதான் வந்துச்சு. யூனியன் ஆல் எல்லா இடத்துலயும் ஓடும்.

ஆனா ஆல்ங்கற வார்த்தையை விட்டுடாதீங்க. வெறும் யூனியன்னு எழுதினா ஒரே மாதிரி வரிகளை ஒண்ணாக்கிடும். லாட் 102, 150, பூஜ்யம். லாட் 102, 150, பூஜ்யம். திரும்பவும் அதே 150 கிலோ போச்சு.

கையெழுத்துக்கு முன்னாடி மூணு சோதனை

ஒண்ணு, வரிகளை எண்ணுங்க. லாட் டேபிள்ல 3 வரின்னா லாட் வாரி ரிப்போர்ட்லயும் 3 வரி இருக்கணும். குறைஞ்சா ஏதோ விழுந்திருக்கு. கூடினா ஏதோ பெருகியிருக்கு.

ரெண்டு, ஜாயின் இல்லாம ஒவ்வொரு டேபிளோட மொத்தத்தையும் தனியா எடுங்க. அனுப்பு மொத்தம் 1000ன்னா ரிப்போர்ட்லயும் 1000 வரணும். இந்த ஒரே சோதனை நம்ம முதல் க்வெரியைப் பிடிச்சிருக்கும்.

மூணு, ஜோடி சேராததைத் தேடுங்க. லெஃப்ட் ஜாயின் போட்டு, வேர்ல வரவு லாட் நம்பர் இஸ் நல்னு கேளுங்க. நல்லைச் சமக்குறி போட்டுக் கேக்கக் கூடாது, இஸ் நல்னுதான் கேக்கணும். வர்ற லிஸ்ட்ல ரெண்டு வகை இருக்கும். நிஜமாவே திரும்பி வராத லாட், நம்பர் தப்பா விழுந்த லாட். 101ன்னு ஒரு பக்கம், 101-ஏன்னு இன்னொரு பக்கம் இருந்தா, நமக்கு ஒண்ணுதான்னு தெரியும். ஜாயினுக்குத் தெரியாது.

இவ்வளவும் பண்ணாலும் ஒண்ணு மறக்கக் கூடாது. திரையில வர்ற நம்பருக்கு ஒரு கெத்து இருக்கு. “சிஸ்டம் சொல்லுது”ன்னு சொன்னா, எதிர்ல டிசி புக்கைக் கையில வச்சுட்டு நிக்கற டையிங் சூப்பர்வைசரோட பேச்சு எடுபடாது. இத்தனைக்கும் அவர் கையில இருக்கறதுதான் நிஜ டேட்டா. க்வெரி எழுதறவங்க பெரும்பாலும் நம்ம மாதிரி இருபத்தஞ்சு வயசு ஆளுங்க. அந்த டெபிட் நோட்ல நம்ம பேர் இருக்காது. ஆனா அதுல இருக்கற நம்பர் நம்ம ஜாயின்ல இருந்து வந்தது. அதனால யாராவது “இல்லீங்க, நான் கொடுத்துட்டேன்”னு சொன்னா, முதல்ல அவரைச் சந்தேகப்படாதீங்க. வரிகளை எண்ணுங்க.

இந்த வாரம் ஒரு வேலை. எஸ்க்யூலைட் இலவசம். இறக்கிக்குங்க. லாட்ல 3 வரி, அனுப்புல 4, வரவுல 3, மொத்தம் 10 வரிதான். டைப் பண்ணுங்க. தப்பான க்வெரியை முதல்ல ஓட்டி, 900ம் 837ம் வருதான்னு பாருங்க. அப்புறம் வித் போட்டு ஒரு தடவை, யூனியன் ஆல் போட்டு ஒரு தடவை. ரெண்டுலயும் ஒரே பதில் வரணும். வரலைன்னா க்வெரியை அப்படியே எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேந்து பாப்போம்.

அடுத்த தடவை, லட்சக்கணக்குல டிசி இருந்தா இதே க்வெரி ஏன் மெதுவாகுது, இண்டெக்ஸ் போட்டா ஏன் வேகமாகுதுன்னு பேசலாம்.